படுத்தால் நேராகும் முதுகு, நடந்தால் ஏன் கூனுகிறது?

கேள்வி: என் அம்மாவுக்கு 67 வயது, நிறை 52 கிலோ. சிறு வயதிலிருந்து வெங்காயத் தோட்டத்திலும் புகையிலைத் தோட்டத்திலும் வேலை செய்தவ. இப்பவும் களை பிடுங்கப் போகிறா. நாலைந்து வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் கூனத் தொடங்கினா. போன வருடம் காய்ச்சலில் மூன்று கிழமை படுத்து எழும்பிய பிறகு மோசமாகிவிட்டது. காலையில் எழும்பி நடக்கும்போது பரவாயில்லை. சந்தி மட்டும் போய் வருவதற்குள் தொடையில் கையூன்றி நின்றுவிடுகிறா. குசினி மேடையில் முழங்கையை ஊன்றிக்கொண்டுதான் சமைக்கிறா. படுத்தால் முதுகு நேராகத்தான் இருக்கிறது. எக்ஸ்ரே எடுத்தோம், "எலும்புத் தேய்மானம், வயதுக்கு வருவதுதான், ஓய்வெடுங்கள்" என்றார்கள். இடுப்புப் பட்டி வாங்கி நாள் முழுக்கக் கட்டுகிறா. சலரோகத்துக்கும் கொழுப்புக்கும் குளிசை போடுகிறா. கனடாவில் இருக்கும் மாமா ஒப்பறேசன் செய்யச் சொல்கிறார். இந்தக் கூன் நிமிருமா? எனக்கு 41 வயது, நானும் தோட்ட வேலைதான். எனக்கும் இப்படி வருமா?

உரும்பிராய் வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

"படுத்தால் முதுகு நேராகத்தான் இருக்கிறது" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எக்ஸ்ரே அறிக்கையைவிட எனக்கு அதுதான் பெரிய தகவல். முள்ளெலும்புகள் நசுங்கியோ ஒன்றோடொன்று ஒட்டியோ இறுகிப்போன கூன், படுத்தாலும் கூனாகவே இருக்கும். அப்படியானவர்களுக்குத் தலைக்கு இரண்டு தலகணி வைக்காமல் மல்லாந்து படுப்பதே சிரமம். உங்கள் அம்மாவின் முதுகு பாயில் நேராகிறது, காலையில் நிமிர்கிறது, நடக்க நடக்கக் குனிகிறது. அப்படியென்றால் முள்ளந்தண்டு இன்னும் இளகிய நிலையில் இருக்கிறது. அதை நிமிர்த்திப் பிடிக்கும் தசைகள்தான் களைத்துப்போகின்றன.

எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும். முள்ளெலும்புகளுக்கு இடையில் மெத்தை போல இருக்கும் டிஸ்க் ஒடுங்கியிருப்பதும் தெரியும். தசை எந்த நிலையில் இருக்கிறது என்பது தெரியாது. அதனால் பழி முழுவதும் தேய்மானத்தின் மேல் விழுந்துவிடுகிறது. 67 வயதில் தேய்மானம் இல்லாத நாரி எக்ஸ்ரேயைக் காண்பதே அரிது. நிமிர்ந்து நடக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கு எடுத்துப் பார்த்தாலும் அதேதான் இருக்கும்.

உழைத்த முதுகு எப்படி மெலியும்?

தோட்டக்காரக் குடும்பங்கள் இந்த விளக்கத்தை இலேசில் ஏற்பதில்லை. "அவ வேலை செய்யாத நாளே இல்லையே, தசை எப்படிக் குறையும்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. குனிந்தபடி மணிக்கணக்கில் நிற்பதும் முதுகுத் தசைக்குப் பயிற்சி கொடுப்பதும் ஒன்றல்ல.

தசைகளின் மின் அசைவைப் பதிவு செய்யும் கருவிகளைக் கொண்டு 1950களிலேயே இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். நிற்கும் நிலையிலிருந்து குனியத் தொடங்கும்போது முதுகை நிமிர்த்தும் தசைகள் கடுமையாக வேலை செய்கின்றன. முழங்கால் மடக்காமல் கை நிலத்தைத் தொடும் அளவுக்குக் குனிந்ததும் நாரிப் பகுதியில் அந்த மின் அசைவு ஏறக்குறைய நின்றுவிடுகிறது. மேலுடம்பின் பாரத்தை அப்போது தாங்குவது முள்ளெலும்புகளைப் பின்பக்கத்தில் பிணைத்திருக்கும் நார்களும் டிஸ்க்குகளும்தான். வெங்காயம் நடுகிறவரும் களை பிடுங்குகிறவரும் பெரும்பாலும் இந்த நிலையில்தான் இருக்கிறார்கள். தசை சும்மா கிடக்கிறது, நார் இழுபடுகிறது. 20 நிமிடம் அப்படி முழுக்கக் குனிந்திருந்தால், நிமிர்ந்து அரை மணி நேரம் கழிந்தும் அந்த நார்களின் பழைய இறுக்கம் முழுதாகத் திரும்புவதில்லை.

மண்வெட்டி பிடிக்கும்போது இருக்கும் அரைக் குனிவில் கதை வேறு. அங்கே தசை இறுகியபடியே நிற்கிறது. தசைக்குள் அழுத்தம் ஏறி, அதற்குப் போகும் இரத்தம் குறைகிறது. ஆக, முதலாவதில் வேலை இல்லை, இரண்டாவதில் ஊட்டம் போதாது. சுமையோடு சுருங்கி, முழு வீச்சில் நிமிர்ந்து, பிறகு தளர்வதுதான் தசையை வளர்க்கும். அது இரண்டிலுமே கிடைப்பதில்லை. வயதோடு வரும் தசை இழப்பும் மாதவிடாய் நின்ற பிறகு வரும் எலும்பு இழப்பும் இதன்மேல் சேர்கின்றன.

காய்ச்சலோடு கிடந்த மூன்று கிழமையைச் சின்ன விஷயமாக எடுக்க வேண்டாம். உடல்நலமுள்ள முதியவர்களை 10 நாள் படுக்கையில் வைத்து அளந்த ஓர் ஆய்வில், கால்களில் மட்டும் ஏறக்குறைய 1 கிலோ தசை போயிருந்தது. காய்ச்சலும் சாப்பாட்டுக் குறைவும் சேர்ந்தால் இழப்பு இன்னும் கூடும். ஏற்கெனவே மட்டுமட்டாகத் தாக்குப்பிடித்த முதுகு, அதோடு எல்லையைத் தாண்டியிருக்கிறது.

தசை மெலிந்தால் எலும்பின் வடிவம் ஏன் மாற வேண்டும்? ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நாரிக்கு மேலே உள்ள உடம்பின் பாரம், மொத்த நிறையில் ஏறக்குறைய பாதி. அம்மாவுக்கு 26 கிலோ என்று வைப்போம். அதைப் பின்னால் இழுத்துப் பிடிக்கும் தசை, டிஸ்க்கின் நடுவிலிருந்து சுமார் 5 சென்ரிமீற்றர் பின்னால்தான் இருக்கிறது. மேலுடம்பின் பாரம் 10 சென்ரிமீற்றர் முன்னால் போனால், தசை 52 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டும். 20 சென்ரிமீற்றர் போனால் 104 கிலோ. இந்த இழுவை முழுவதும் டிஸ்க்கின் மேலும் அழுத்துகிறது. மெலிந்த தசையால் அதைத் தொடர்ந்து தாங்க முடியாது, விட்டுக்கொடுக்கிறது. உடம்பு முன்னால் சாய்கிறது, டிஸ்க்கின் முன்பக்கம் நசுங்குகிறது, நாரியில் இயல்பாக இருக்க வேண்டிய உட்குழிவு தட்டையாகிறது. அதனால் பாரம் இன்னும் முன்னால் போகிறது. தசைக்கு இன்னும் வேலை கூடுகிறது. இப்படியே வருடங்கள் போனால் டிஸ்க்கும் எலும்பும் ஆப்பு வடிவமாகி, இளகிய கூன் இறுகிய கூனாகிவிடும். அந்தக் கட்டத்துக்கு முன்னால் நீங்கள் எழுதியது நல்லது.

முதுகுத் தசைகளில் முக்கியமாகப் பார்க்க வேண்டியது மல்ட்டிஃபிடஸ் என்ற ஆழத்துத் தசை. முள்ளெலும்போடு ஒட்டிக் கிடக்கும் குறுகிய கட்டுகளாக அது இருக்கிறது. அவற்றுக்கு அந்தந்த மட்டத்திலிருந்து சிறு நரம்புக் கிளைகள் வருகின்றன. ஒரு மட்டத்தில் டிஸ்க்கோ மூட்டோ நரம்போ பழுதானால் அந்த மட்டத்துத் தசை மெலிந்து, அந்த இடத்தைக் கொழுப்பு பிடிக்கும். எம்.ஆர்.ஐ. ஸ்கானின் குறுக்குவெட்டுப் படங்களில் கறுப்பாகத் தெரிய வேண்டிய தசை வெள்ளை வெள்ளையாகக் கீறியிருப்பது இதனால்தான். அறிக்கையில் பெரும்பாலும் டிஸ்க்கைப் பற்றியே எழுதியிருக்கும். ஸ்கான் எடுக்க நேர்ந்தால் தசையைப் பற்றி வாய்விட்டுக் கேளுங்கள். ஒரு பக்கத் தசை மட்டும் அதிகம் மெலிந்திருந்தால் பக்கவாட்டு வளைவும் சேர்ந்து வரலாம். அங்கே தசை முதலில் போனதா, வளைவு முதலில் வந்ததா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.

குசினி மேடையில் முழங்கை ஊன்றுவது பற்றி எழுதியிருந்தீர்கள். ஜப்பானில் தகெமிட்சு என்ற என்பு வைத்தியரின் குழு 1988இல் இந்த வகைக் கூனை விவரித்தபோது எழுதிய அடையாளங்களில் அதுவும் ஒன்று. குனிந்து வேலை செய்த நடுத்தர வயது, முதிய பெண்கள், நடக்கக் குனிவு, முன்னால் பாரம் தூக்க முடியாமை, ஏற்றத்தில் ஏற முடியாமை, மேடையில் ஊன்றி ஊன்றி முழங்கையில் தடித்துப்போன தோல். அம்மாவின் முழங்கையைத் திருப்பிப் பாருங்கள்.

தொடையில் கையூன்றுவதற்கும் காரணம் உண்டு. மேலுடம்பு முன்னால் போனதும் விழாமல் இருப்பதற்காக இடுப்பெலும்பு பின்னால் சரிகிறது. அதுவும் போதாமல் முழங்கால்கள் மடிகின்றன. மடித்த முழங்காலோடு நடந்தால் முன்தொடைத் தசை ஓயாமல் வேலை செய்யும். "கால் ஓய்ந்துபோகுது" என்று அவர் சொன்னால் முழங்காலுக்கு மட்டும் எண்ணெய் பூசி விட்டுவிடாதீர்கள்.

தசைதான் என்று முடிவு கட்டுமுன்

கூன் என்றால் எல்லாம் இதுவல்ல. சில நோய்கள் இதே வேடத்தில் வரும். அவற்றுக்கு வைத்தியம் வேறு. திடீரென்று, ஒரு நாளில், கடும் நோவோடு வந்த கூன் முள்ளெலும்பு நசுங்கியதாக இருக்கலாம். இளமையில் இருந்த உயரத்தைவிட 4 சென்ரிமீற்றருக்கு மேல் குறைந்திருந்தாலும், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் இடையில் இரண்டு விரல் வைக்க இடம் இல்லாவிட்டாலும் அதே சந்தேகம். காய்ச்சல், இரவு வியர்வை, நிறை குறைதல், ஒரே இடத்தில் எலும்பு புடைத்து நோதல் என்றால் முள்ளந்தண்டுக் காசநோயை விலக்கியே ஆகவேண்டும். கை நடுக்கம், சிறு சிறு அடி வைத்து நடத்தல், முகத்தில் அசைவு குறைதல் இருந்தால் பார்க்கின்சன் என்ற மூளை நரம்பு நோயாக இருக்கலாம். நடந்தால் காலுக்குள் விறைத்து, குனிந்தால் உடனே சுகம் வந்து, சைக்கிள் மட்டும் எவ்வளவு தூரமும் ஓட முடிகிறது என்றால், முள்ளந்தண்டுக் குழாய் ஒடுங்கியிருக்கலாம். அவர்கள் குனிவது தசை பலவீனத்தால் அல்ல, நரம்புக்கு இடம் விடுவதற்காக. இடுப்பு மூட்டு மடிந்த நிலையில் இறுகியிருந்தாலும் நிமிர முடியாது. தைரொயிட் குறைபாடு, விற்றமின் டி குறைபாடு, நீண்டகாலம் பிரெட்னிசொலோன் என்ற ஸ்ரெரொயிட் குளிசை எடுத்தல் ஆகிய மூன்றும் தசையையே நேரடியாகப் பலவீனப்படுத்தும்.

கொழுப்புக் குளிசை சிலருக்குத் தசை நோவையும், அரிதாகத் தசைச் சேதத்தையும் கொடுக்கும். சலரோகம் உள்ளவருக்கு அந்தக் குளிசை மாரடைப்பைத் தடுக்கும் மருந்து. நீங்களாக நிறுத்த வேண்டாம். தசைச் சேதம் இருந்தால் ஒரு இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். வைத்தியரிடம் கேட்க வேண்டியவை: சி.கே. (தசைச் சேதத்தைக் காட்டும்), தைரொயிட், விற்றமின் டி, கல்சியம், ஈ.எஸ்.ஆர். (உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும்), கிரியாற்றினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும்). எலும்பு அடர்த்திப் பரிசோதனையும் இந்த வயதில் தேவை.

எக்ஸ்ரே எப்படி எடுத்தார்கள் என்று எழுதவில்லை. படுக்கவைத்து எடுத்திருந்தால் இந்தக் கூன் அதில் மறைந்துபோயிருக்கும். நின்ற நிலையில், முழங்காலை நீட்டி, கைவிரல்களைக் காறை எலும்பின் மேல் மடித்து வைத்து, கழுத்திலிருந்து இடுப்பு மூட்டு மட்டும் பக்கவாட்டில் எடுக்க வேண்டும். ஐந்து பத்து நிமிடம் நடக்கவிட்டு எடுத்தால் இன்னும் நல்லது. கழுத்தின் அடி எலும்பிலிருந்து நேர் கீழே கோடு போட்டால் அது இடுப்பின் பின்விளிம்புக்கு அருகில் விழ வேண்டும். 5 சென்ரிமீற்றருக்கு மேல் முன்னால் விழுந்தால் சமநிலை குலைந்துவிட்டது என்று கொள்வார்கள். யாழ் போதனா வைத்தியசாலையின் என்பியல் கிளினிக்குக்குப் போகும்போது "நின்றபடி எடுத்த படம்" என்று சொல்லிக் கேளுங்கள். இயன்மருத்துவப் பிரிவுக்கும் கடிதம் வாங்குங்கள்.

சலம் போவது தடைப்பட்டாலோ தானாகப் போனாலோ, பிட்டமும் தொடையிடுக்கும் விறைத்தாலோ, கால் திடீரென்று பலம் குறைந்தாலோ கிளினிக் நாளுக்குக் காத்திருக்கக் கூடாது. அன்றே அவசர சிகிச்சைப் பிரிவு.

வீட்டில் என்ன செய்வது

"ஓய்வெடுங்கள்" என்ற அறிவுரையை இங்கே நான் ஏற்கவில்லை. ஓய்வால் மோசமான முதுகுக்கு மேலும் ஓய்வு மருந்தாகாது. பட்டி பற்றி: அது தசையைக் கரைத்துவிடும் என்று பயமுறுத்துவது மிகை, கூனை நிமிர்த்தும் என்று விற்பது அதைவிட மிகை. சமைக்கும் ஒரு மணி நேரம், கோயிலுக்கு நடக்கும் அரை மணி என்று வேலை நேரத்துக்கு மட்டும் கட்டட்டும். நோ எண்ணெய் பூசி உருவினால் பிடிப்பு இளகும், நல்ல நித்திரை வரும், தசை வளராது. பூசுவதில் தடையில்லை, பயிற்சிக்குப் பதிலாக அதை வைக்காதீர்கள்.

பயிற்சி தொடங்குமுன் மூன்றை அளந்து ஒரு கொப்பியில் எழுதுங்கள். குதிக்கால், பிட்டம் இரண்டும் சுவரில் படும்படி நின்றால் பிடரிக்கும் சுவருக்கும் எத்தனை சென்ரிமீற்றர்? எத்தனை நிமிடம் நடந்த பிறகு தொடையில் கை போகிறது? ஒரு கையில் 1 கிலோ வீதம் இரண்டு கையிலும் பிடித்து, கையை மடக்காமல் தோள் உயரத்துக்கு முன்னால் நீட்டினால் எத்தனை விநாடி நிற்க முடிகிறது? 1 லீற்றர் தண்ணீர்ப் போத்தல் 1 கிலோதான். இந்த மூன்றாவது சோதனை முதுகின் தாக்குப்பிடிக்கும் சக்தியைக் காட்டும். நோ தொடங்கினால் உடனே இறக்கிவிட வேண்டும்.

எல்லாப் பயிற்சியும் காலையில், சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து. பின்னேரம் தசை களைத்த பிறகு செய்தால் வேறு தசைகளைக் கொண்டு ஏய்க்கத்தான் பழகும். நிலத்தில் இருந்து எழும்பக் கஷ்டமென்றால் பலகைக் கட்டிலில் பாய் விரித்துச் செய்யலாம். அமிழ்ந்துபோகும் மெத்தை சரிவராது.

முதல் இரண்டு கிழமை மூன்று பயிற்சி போதும். மல்லாந்து, முழங்கால் மடக்கி, மெல்லிய துவாயைத் தலைக்குக் கீழே வைத்து 10 நிமிடம் படுக்கட்டும். பிறகு பிடரியையும் முழங்கைகளையும் பாயில் அழுத்தி 5 விநாடி பிடித்து விட வேண்டும், 10 தடவை. இரண்டாவது, அதே நிலையில் பாதத்தை ஊன்றிப் பிட்டத்தைத் தூக்குதல்: 3 விநாடி மேலே, மெதுவாகக் கீழே, 8 தடவை. மூன்றாவது, கதிரையில் இருந்து கை ஊன்றாமல் எழும்பி, முழுதாக நிமிர்ந்து நின்று, மெதுவாக இருத்தல்: 5 தடவை. முடியாவிட்டால் கதிரையில் ஒரு தலகணி போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். படுத்து அழுத்துவதை நாளும் இரண்டு முறை செய்யலாம். மற்ற இரண்டும் ஒன்றுவிட்ட ஒரு நாள்.

மூன்றாம் கிழமையில் முக்கியமான பயிற்சி வரும். வயிற்றுக்குக் கீழே ஒரு தலகணி வைத்துக் குப்புறப் படுத்து, முதலில் 3 நிமிடம் சும்மா கிடக்கட்டும். பிறகு கைகளை உடம்போடு வைத்து, நாடியை உள்ளே இழுத்து, நெஞ்சைப் பாயிலிருந்து இரண்டு மூன்று சென்ரிமீற்றர் மட்டும் தூக்கி 5 விநாடி பிடிக்க வேண்டும். 5 தடவையில் தொடங்கி, கிழமைக்கு ஒன்றாகக் கூட்டி 10க்குக் கொண்டுபோகலாம். அதிக உயரம் தூக்குவதில் எந்த இலாபமும் இல்லை. நாரி மூட்டுகள்தான் நெரிபடும். குப்புறப் படுக்க முடியாதவர்கள் சுவரைப் பார்த்து நின்று, இரண்டு கைகளையும் சுவரில் மேல்நோக்கி வழுக்கி, உச்சத்தில் ஒவ்வொரு கையாகச் சுவரை விட்டு எடுக்கலாம். ஆறாம் கிழமைக்குப் பிறகு நான்கு காலில் நின்று எதிரெதிர் கை, காலை நீட்டும் பயிற்சியைச் சேர்க்கலாம். மல்ட்டிஃபிடஸுக்கு நல்லது, முழங்கால் நோ இருந்தால் விட்டுவிடுங்கள்.

குப்புறப் படுத்துத் தூக்கும் பயிற்சிக்கு நல்ல ஆதாரம் உண்டு. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் மாதவிடாய் நின்ற பெண்கள் சிலர் முதுகில் பாரப் பை வைத்து, ஒரு நாளுக்கு 10 தடவை, கிழமையில் 5 நாள், 2 வருடம் செய்தார்கள். நிறுத்தி 8 வருடம் கழித்துப் பார்த்தபோதும் அவர்களின் முதுகு பலமாக இருந்தது. பயிற்சி செய்யாதவர்களில் 4.3 வீத முள்ளெலும்புகள் நசுங்கியிருக்க, இவர்களில் 1.6 வீதமே நசுங்கியிருந்தன. அதே கிளினிக்கின் 1984ஆம் ஆண்டு ஆய்வொன்றில், எலும்பு மெலிந்த பெண்கள் முன்னால் குனியும் பயிற்சி செய்தபோது முறிவுகள் கூடின. ஆகவே கால்விரலைத் தொடுதல், படுத்து எழும்பி வயிற்றுத் தசைப் பயிற்சி, யோகாசனங்களில் முன்வளைவு எல்லாவற்றையும் அம்மா விட்டுவிட வேண்டும். "நிமிர வேண்டுமென்றால் நன்றாகக் குனிந்து பழகு" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வாருங்கள்.

வழக்கமாகப் பிழைக்கும் இடங்கள் சில. மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்குவார்கள். இரத்த அழுத்தம் ஏறும், வாய்விட்டு எண்ணச் சொல்லுங்கள். நெஞ்சைத் தூக்காமல் கழுத்தை மட்டும் பின்னால் மடிப்பார்கள். பார்வை பாயில் இருந்தால் அது நடக்காது. முதல் நாளே 30 தடவை செய்து மறுநாள் எழும்ப முடியாமல் கிடந்து, "பயிற்சி ஒத்துவராது" என்று கைவிடுவார்கள். ஒரு நாள் தசை வலி இயல்பு. இரண்டு நாளுக்கு மேல் நீடித்தால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். கூர்மையான நோ, காலுக்குப் பரவும் நோ வந்தால் நிறுத்தி இயன்மருத்துவரிடம் காட்டுங்கள்.

நடப்பதற்கு ஒற்றைப் பொல்லு வேண்டாம். மணிக்கட்டு உயரப் பொல்லு அம்மாவை இன்னும் குனியவைக்கும். முழங்கை 90 பாகை மடியும் உயரத்தில் இரண்டு பொல்லுகள் பிடித்தால் மேலுடம்பு தானாக நிமிரும். குனிவு தொடங்கும் நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்னால் நின்று, சுவரிலோ வேலியிலோ சாய்ந்து இளைப்பாறி, திரும்ப நடக்க வேண்டும். எட்டு நிமிடத்தில் கூனுகிறாரென்றால் ஏழு நிமிடத்தில் நிறுத்துங்கள். கூனியபடி அரை மணி நடந்தால் கூனுவதற்குத்தான் பழக்கம்.

சாப்பாடு சரியில்லாவிட்டால் இவ்வளவும் வீண். 52 கிலோ உடம்புக்கு நாளொன்றுக்கு 52 முதல் 62 கிராம் புரதம் வேண்டும். காலையில் புட்டும் சம்பலும், இரவில் பாணும் சம்பலும் என்றால் மத்தியான மீன் துண்டு ஒன்றே அந்த நாளின் புரதம். முட்டை இரண்டு 12 கிராம். 100 கிராம் மீன் சுமார் 20. சமைக்காத பருப்பு 30 கிராமில் 7. ஒரு தம்ளர் பாலில் 6 அல்லது 7. கடலை ஒரு கைப்பிடி அவித்தால் 8. மிச்சம் சோற்றிலும் மாவிலும் வந்துவிடும். ஒரே வேளையில் குவிக்காமல் மூன்று வேளைக்கும் பிரியுங்கள். வெள்ளிக்கிழமை மரக்கறி என்றால் உலர்ந்த சோயாமீற் 30 கிராமில் 15 கிராம் இருக்கிறது. சலரோகம் இருப்பதால் கிரியாற்றினின் பார்த்த பிறகே புரதத்தைக் கூட்ட வேண்டும்; சிறுநீரகம் பழுதென்றால் அளவை வைத்தியர்தான் சொல்ல வேண்டும். முள்ளோடு சாப்பிடும் நெத்தலி கல்சியத்துக்கு நல்லது.

வீட்டிலும் தோட்டத்திலும் குனிவைக் குறைக்க வழி இருக்கிறது. நிலத்தில் வைக்கும் திருவலையை மேசையில் பூட்டும் வகைக்கு மாற்றுங்கள். முற்றம் கூட்டும் விளக்குமாற்றுக்கு நெஞ்சளவு தடி கட்டுங்கள். வாளியைப் பாதி நிரப்பி, உடம்போடு ஒட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள். களை பிடுங்குவதை மூன்று மாதத்துக்கு நிறுத்தினால் நல்லது. விடமாட்டேன் என்றால் சிறு பலகைக் கட்டையில் இருந்து, 15 நிமிடத்துக்கு ஒருமுறை எழும்பி, இடுப்பில் கை வைத்து ஐந்து தடவை பின்னால் சாய்ந்துவிட்டுத் தொடரட்டும். வயல்வெளியில் தலை சுற்றினால் பிடிக்க ஒருவர் அருகில் வேண்டும்.

நிமிருமா?

கொழுப்பாகிப்போன தசை பெரும்பாலும் திரும்பத் தசையாவதில்லை. மிஞ்சியிருக்கும் தசைநார்களைத் தடிப்பாக்கலாம். 67 வயதிலும் அது நடக்கும். எட்டு முதல் பன்னிரண்டு கிழமையில் கொப்பியில் உள்ள எண்கள் அசைய வேண்டும். முதலில் நடக்கும் நிமிடம் கூடும், பிறகு போத்தல் பிடிக்கும் விநாடி. சுவர்த் தூரம் கடைசியாகத்தான் குறையும். நாள் முழுக்க நிமிர்ந்து நடக்கும் பழைய அம்மாவை எதிர்பார்க்காதீர்கள். கோயிலுக்குப் போய் வரும் மட்டும் நிமிர்ந்திருப்பது எட்டக்கூடிய இலக்கு.

மாமா சொல்லும் ஒப்பறேசன் இந்தக் கட்டத்துக்கு உரியதல்ல. கூனை நிமிர்த்தும் சத்திரசிகிச்சை என்றால் பல முள்ளெலும்புகளை ஆணியும் கம்பியும் வைத்துப் பூட்டுவது. அதற்காக முதுகுத் தசையை எலும்பிலிருந்து விலக்கி மணிக்கணக்கில் அகற்றிப் பிடிக்க வேண்டும்; ஏற்கெனவே மெலிந்த தசைக்கு அது இன்னொரு அடி. எலும்பும் மெலிந்திருந்தால் ஆணி தளரலாம். பூட்டிய இடத்துக்குச் சற்று மேலே முதுகு மீண்டும் மடியலாம். நரம்பு நசுங்கிக் கால் பலம் குறைகிறது, அல்லது கூன் இறுகிவிட்டது, ஆறு மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்தும் வீட்டுக்குள்ளேயே நடமாட முடியவில்லை என்றால் அப்போது முள்ளந்தண்டுச் சத்திரசிகிச்சை நிபுணரிடம் பேசலாம். அன்றும் இந்தப் பயிற்சி வீணாகாது. பலமான முதுகோடு போகிறவருக்குத்தான் சத்திரசிகிச்சையும் நன்றாகக் கைகொடுக்கும்.

உங்களைப் பற்றிக் கேட்டீர்கள். அம்மாவுக்கு வந்ததால் உங்களுக்கு வந்தே தீரும் என்றில்லை. அதே வேலையை அதே விதமாகச் செய்தால் வாய்ப்பு அதிகம். 41 வயதில் உங்களிடம் இழக்காத தசை நிறைய இருக்கிறது. குப்புறப் படுத்துத் தூக்கும் பயிற்சியை இன்றே தலகணியோடு தொடங்குங்கள், கிழமையில் 5 நாள், 10 தடவை. ஒரு மாதம் நோவில்லாமல் செய்தால் பிள்ளையின் புத்தகப் பையில் 1 கிலோ அரிசி போட்டு முதுகில் வைத்துச் செய்யலாம். பிறகு மாதத்துக்கு அரைக் கிலோவாகக் கூட்டுங்கள். களை பிடுங்கி எழும்பியவுடன் உர மூட்டையைத் தூக்க வேண்டாம். இழுபட்ட நார்கள் அப்போது தளர்ந்திருக்கும். வரம்பில் ஐந்து பத்து நிமிடம் நடந்துவிட்டு, முழங்கால் மடக்கித் தூக்குங்கள். நடுகைக் காலத்தில் ஒருவரே நாள் முழுக்கக் குனியாமல், நடுவது, நாற்று எடுத்துக் கொடுப்பது, தண்ணீர் கட்டுவது என்று மணிக்கு ஒருமுறை ஆள் மாற்றிச் செய்யுங்கள். கூலிக்கு வரும் பெண்களுக்கும் அதே ஏற்பாடு இருக்கட்டும்.